ஃபங்ஷன் முடிஞ்சா தாம்பூலப் பை எங்கே?

ஜி.இ.3171 லேப்ல இந்தக் காட்சியைப் பார்க்காத ஃபர்ஸ்ட் இயர் இருக்க மாட்டாங்க. ஒரு ஃபங்ஷன் எழுதச் சொல்லுவாங்க. எழுதி ரன் பண்ணா ஸ்கிரீன்ல சரியான பதில் வரும். அதுக்குக் கீழேயே, யாரும் கூப்பிடாத விருந்தாளி மாதிரி, 'நன்'னு ஒரு சொல்லும் வந்து உட்கார்ந்திருக்கும். பக்கத்து சிஸ்டம்ல கேட்டா "எனக்கும் வருதுடா, விடு"ன்னு பதில் வரும். பதில் சரியா இருக்கு, அப்சர்வேஷன்ல கையெழுத்தும் கிடைச்சாச்சு. அதனால விட்டுடுவோம்.

நானும் விட்டேன். மூணாவது வருஷம் ஒரு மாக் டெஸ்ட். கேள்வி சுலபம், லாஜிக் பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, சப்மிட் பண்ணேன். பத்து டெஸ்ட் கேஸ், பத்தும் சிவப்பு. மீதி நேரம் முழுக்க லூப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லூப்ல ஒரு தப்பும் இல்லை. ரிட்டர்ன் பண்ண வேண்டிய இடத்துல பிரின்ட் பண்ணியிருந்தேன், அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் இயர்ல கண்டுக்காம விட்ட அதே 'நன்' அன்னிக்கு வந்து கணக்கைத் தீர்த்துட்டுப் போச்சு.

ஜி.இ.3151 சிலபஸ்ல மூணாவது யூனிட்டைத் திறந்து பாருங்க. 'ஃப்ரூட்ஃபுல் ஃபங்ஷன்ஸ்'னு ஒரு வரி இருக்கும். அதாவது பலன் கொடுக்கற ஃபங்ஷன். அதை ஒட்டியே ரிட்டர்ன் வேல்யூ, பாராமீட்டர், லோக்கல் ஸ்கோப், குளோபல் ஸ்கோப் எல்லாம் ஒரே மூச்சுல வரும். பிளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவங்களுக்கு இந்த ஸ்கோப் புதுசு இல்லை, 'வரையெல்லை'ன்னு ஒரு பாடமே இருந்தது. ஆனா ரெண்டு இடத்துலயும் ஸ்கோப்பையும் ரிட்டர்னையும் தனித்தனி டாபிக்கா படிச்சு, தனித்தனியா ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதிட்டு வந்துடறோம். என் பார்வையில ரெண்டும் ஒரே விஷயம்தான். உள்ளே இருக்கறது வெளியே தெரியாது, அதனாலதான் வெளியே கொடுத்தனுப்ப ஒரு வழி தேவைப்படுது.

கோடு எழுதிக் காட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். தமிழ்லயே எழுதக்கூடிய நிரல்மொழி ஒண்ணு இருக்கு, பேரு 'எழில்'. முத்தையா அண்ணாமலை உருவாக்கினது. 2009ல இதைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறகு ஓப்பன் சோர்ஸாவும் வந்துடுச்சு. அதுல ஃபங்ஷனுக்கு 'நிரல்பாகம்', பிரின்ட்டுக்கு 'பதிப்பி', ரிட்டர்னுக்கு 'பின்கொடு', கடைசியில மூடறதுக்கு 'முடி'. இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சொற்களைத்தான் கடன் வாங்கப் போறேன். விதிகள் மட்டும் நீங்க லேப்ல போடற பைத்தானோடதுன்னு வெச்சுக்குங்க.

நமக்கு உயிர்ப் பிரச்சினையான ஒரு கணக்கையே எடுத்துக்கலாம்: அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் இருந்தா ஹால் டிக்கெட், இல்லைன்னா மெடிக்கல் சர்டிஃபிகேட்டோட ஹெச்.ஓ.டி. ரூம் வாசல். பீச் லோக்கல் குரோம்பேட்டை தாண்டினதும் சிக்னலுக்காக நிக்கற நாள்ல முதல் ஹவர் எப்படிப் போகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிரல்பாகம் வருகை(வந்தது, மொத்தம்)
    சதவீதம் = வந்தது * 100 / மொத்தம்
    பதிப்பி சதவீதம்
முடி

வருகை(44, 60)னு கூப்பிட்டா 73.33 கிட்ட ஒரு எண் ஸ்கிரீன்ல வரும். கண்ணுக்கு எல்லாம் சரி. இப்போ இதை வெச்சு ஒரு முடிவு எடுக்கணும்:

@( வருகை(44, 60) < 75 ) ஆனால்
    பதிப்பி "ஷார்ட்டேஜ்"
முடி

73.33 ஸ்கிரீன்ல வரும், உடனே புரோகிராம் எரர் அடிச்சு நின்னுடும். காரணம், 73.33 ஸ்கிரீனுக்குப் போச்சே தவிர, கேள்வி கேட்ட இடத்துக்குத் திரும்பி வரலை. ரிட்டர்ன் இல்லாத எந்த ஃபங்ஷனும் பைத்தான்ல 'நன்'னு ஒண்ணைத் திருப்பிக் கொடுக்கும். 'கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லை'ங்கறதுதான் அதுக்கு அர்த்தம். ஒண்ணுமில்லாததை 75ஓட ஒப்பிட முடியாதுன்னு பைத்தான் 3 கையை விரிக்குது. பழைய பைத்தான் 2 இதை விட மோசம். எரரே வராது. அங்கே 'நன்' எந்த எண்ணை விடவும் சின்னது. நூறு சதவீதம் வந்த பையனுக்கும் "ஷார்ட்டேஜ்"னு அடிச்சுக் கொடுத்துட்டு அமைதியா இருந்திருக்கும்.

லேப்ல 'நன்' எப்படி வந்துதுன்னும் இப்போ புரியும். நாம ஃபங்ஷனுக்குள்ளேயும் பிரின்ட் போட்டோம், வெளியேயும் அந்த ஃபங்ஷன் காலை ஒரு பிரின்ட்டுக்குள்ள போட்டோம். உள்ளே இருந்தது பதிலைக் காட்டுச்சு, வெளியே இருந்தது ஃபங்ஷன் கொடுத்த ஒண்ணுமில்லாததைக் காட்டுச்சு.

'பதிப்பி'க்குப் பதிலா 'பின்கொடு' போடுங்க:

நிரல்பாகம் வருகை(வந்தது, மொத்தம்)
    சதவீதம் = வந்தது * 100 / மொத்தம்
    பின்கொடு சதவீதம்
முடி

இப்போ வருகை(44, 60)ங்கற இடத்துல 73.33னு நீங்களே எழுதினதா நினைச்சுக்கலாம். ஒப்பிடலாம், கூட்டலாம், இன்னொரு ஃபங்ஷனுக்குள்ள போடலாம். 'ரிட்டர்ன்'னு இங்கிலீஷ்ல படிக்கும்போது நம்ம காதுல 'திரும்பிப் போ'ன்னுதான் விழுது. 'பின்கொடு'ன்னு தமிழ்ல படிச்சா கொடுக்கற வேலை கண்ணுல படுது. பதிப்பிக்கறது மனுஷன் படிக்க, பின்கொடுக்கறது கூப்பிட்ட கோடு வாங்கிக்க. இந்தச் சொல்லை முதல் வருஷமே கேட்டிருந்தா எனக்கு அந்தப் பத்து சிவப்பு மிச்சமாயிருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு நாம மட்டும் காரணம் இல்லை, ஐடில் ஷெல்லுக்கும் பங்கு உண்டு. ஷெல்லில் நேரா வருகை(44, 60)னு டைப் பண்ணி என்டர் தட்டினா, ரிட்டர்ன் ஆன மதிப்பையும் அதுவே ஸ்கிரீன்ல காட்டிடும். பிரின்ட் பண்ண ஃபங்ஷனும் எண்ணைக் காட்டுது, ரிட்டர்ன் பண்ண ஃபங்ஷனும் எண்ணைக் காட்டுது. அப்போ ரெண்டும் ஒண்ணுதானேன்னு மனசுல பதிஞ்சுடுது. அதே கோடை ஃபைல்ல போட்டு ரன் பண்ணுங்க. ரிட்டர்ன் பண்ணது ஸ்கிரீனுக்கு வரவே வராது. சந்தேகம் வந்தா எப்பவும் ஃபைல்ல போட்டுப் பாருங்க, ஷெல்லை நம்பாதீங்க.

பத்து ஊர், பத்து ஒண்ணாம் வார்டு

சரி, உள்ளே 'சதவீதம்'னு ஒரு வேரியபிள்ல பதில் இருக்கே, ரிட்டர்ன் எல்லாம் எதுக்கு, வெளியே வந்து அந்தப் பேரையே கேட்டா ஆகாதா? ஆகாது. இதைப் புரிஞ்சுக்க புக்கை விட்டுட்டு நம்ம ஊரைப் பார்க்கலாம்.

2021 வரைக்கும் தாம்பரம் தனி நகராட்சி. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் தனித்தனி நகராட்சி. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகியவை பேரூராட்சிகள். மொத்தம் பத்து உள்ளாட்சி. ஒவ்வொண்ணுலயும் வார்டுக்கு ஒண்ணுல இருந்து நம்பர். அப்படின்னா தாம்பரத்தைச் சுத்தி பத்து '1-வது வார்டு' இருந்தது. யாருக்கும் குழப்பம் வரலை. சிட்லபாக்கம் ஆபீசுக்குள்ள நின்னுக்கிட்டு "ஒண்ணாம் வார்டுல தண்ணி வரலை"ன்னா எந்த ஒண்ணாம் வார்டுன்னு யாரும் கேட்க மாட்டாங்க. அதே வாக்கியத்தைப் பம்மல் ஆபீஸ்ல சொன்னா அது வேற தெரு, வேற குழாய். பேரு ஒண்ணு, எல்லை வேற. அந்த எல்லைதான் ஸ்கோப்.

ஃபங்ஷனுக்குள்ள நீங்க மதிப்பு கொடுக்கற ஒவ்வொரு பேரும் அந்த ஃபங்ஷனோட எல்லைக்குள்ள மட்டும்தான் செல்லும். பாராமீட்டரும் அப்படித்தான்.

சதவீதம் = 0
வருகை(44, 60)
பதிப்பி சதவீதம்

வருவது 73.33 இல்லை, 0. வெளியே இருக்கற 'சதவீதம்' பல்லாவரத்து ஒண்ணாம் வார்டு, உள்ளே இருக்கறது பம்மல் ஒண்ணாம் வார்டு. உள்ளே எவ்வளவு மாத்தினாலும் வெளியே ஒரு அசைவும் இருக்காது. நடு வரியை 'சதவீதம் = வருகை(44, 60)'னு மாத்திப் பாருங்க, 73.33 வரும்.

2021 நவம்பர்ல பத்தையும் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி ஆக்கினாங்க. இனிமே பத்து ஒண்ணாம் வார்டு செல்லாது. ஒண்ணுல இருந்து எழுபது வரைக்கும் புதுசா நம்பர் போட வேண்டியதாச்சு. எல்லைச் சுவரை எடுத்தா எல்லாப் பேரையும் மறுபடி யோசிக்கணும். எல்லாத்தையும் குளோபலா வெச்சு எழுதற புரோகிராமுக்கும் அதே கதிதான். 'ஐ'ன்னு ஒரு லூப் வேரியபிளை நீங்க ஒரு இடத்துல வெச்சா, உங்க டீம் மேட் இன்னொரு இடத்துல அதே 'ஐ'யை வெச்சு உங்க லூப்பைக் கெடுப்பான். லோக்கல் ஸ்கோப் இருக்கறதாலதான் அறுபது பேர் இருக்கற கிளாஸ்ல அறுபது பேரும் 'ஐ'ன்னே எழுதிக்கிட்டு நிம்மதியா இருக்கோம்.

வார்டு உதாரணம் ஒரு இடத்துல பொருந்தாது. சிட்லபாக்கம் சாயங்காலம் ஆனா காணாமப் போறதில்லை. லோக்கல் வேரியபிள் போயிடும். ஃபங்ஷனைக் கூப்பிடும்போது அதுக்குன்னு மெமரில ஒரு இடம் ஒதுக்கப்படும். முடிஞ்சதும் அந்த இடம் திரும்ப எடுத்துக்கப்படும். அடுத்த தடவை கூப்பிட்டா எல்லாம் முதல்ல இருந்து, புதுசா. போன தடவை என்ன நடந்ததுன்னு ஞாபகமே இருக்காது.

இதுக்கு நம்ம வீட்டு 'ஃபங்ஷனே' உதாரணம். கல்யாணத்துக்குப் பந்தல் போடுவாங்க, நாற்காலி வரும், சமையலுக்கு அண்டா வரும். ஃபங்ஷன் முடிஞ்சதும் எல்லாத்தையும் பிரிச்சு வண்டியில ஏத்திடுவாங்க. மறுநாள் போய் "நேத்து நான் உட்கார்ந்த நாற்காலி எங்கே?"ன்னு கேட்க முடியாது. உங்களோட வீட்டுக்கு வர்றது வாசல்ல கொடுத்த தாம்பூலப் பை மட்டும்தான். அதுதான் ரிட்டர்ன் வேல்யூ. அதையும் கை நீட்டி வாங்கினாதான் உண்டு. மேலே நடு வரியில 'வருகை(44, 60)'னு சும்மா கூப்பிட்டோமே, அங்கே பை கொடுக்கப்பட்டது. வாங்க ஆள் இல்லை, அதனால போச்சு. பைத்தான் இதுக்கு ஒரு வார்னிங்கூட கொடுக்காது.

பையை வாங்காம விடறது ஒரு தப்பு. காலிப் பையை வாங்கிட்டு, கையில ஏற்கெனவே இருந்ததைக் கீழே போடறது இன்னொரு தப்பு. பைத்தான் லிஸ்ட்ல 'சார்ட்'னு ஒரு மெத்தட் இருக்கு. அது லிஸ்ட்டை அங்கேயே வரிசைப்படுத்திட்டு 'நன்'னைத் திருப்பிக் கொடுக்கும். நாம பழக்க தோஷத்துல 'மார்க்ஸ் = மார்க்ஸ் டாட் சார்ட்'னு எழுதுவோம். அழகா வரிசையான லிஸ்ட் போயே போச்சு, 'மார்க்ஸ்'ல இப்போ இருக்கறது 'நன்'. இதுக்கு எதிர்ப்பக்கம் 'சார்ட்டட்'னு ஒரு ஃபங்ஷன். அது பழைய லிஸ்ட்டைத் தொடாம புது லிஸ்ட்டைப் பின்கொடுக்கும். அதோட பதிலை வாங்காம விட்டா வரிசை கிடைக்காது. வைவால ரெண்டுக்கும் வித்தியாசம் கேட்டா "ஒண்ணு மெத்தட், ஒண்ணு ஃபங்ஷன்"னு நிறுத்தாதீங்க. எது எதைத் திருப்பிக் கொடுக்குதுங்கறதுதான் அங்கே பதில்.

'குளோபல்'னு போட்டா ஓடிடுதே?

ஆமா, ஓடும். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பம்.

முதல்ல நம்மளை அந்தப் பக்கம் தள்ளற எரரைப் பார்க்கலாம். வெளியே 'எண்ணிக்கை = 0'. உள்ளே 'எண்ணிக்கை = எண்ணிக்கை + 1'. ஃபங்ஷனைக் கூப்பிட்டா 'அன்பவுண்ட் லோக்கல் எரர்'. கடுப்பு எப்போ வரும்னா, அந்தக் கூட்டல் வரியை எடுத்துட்டு உள்ளே வெறுமனே 'பதிப்பி எண்ணிக்கை'ன்னு போட்டா ஒழுங்கா 0 காட்டும். படிக்க விடுது, மாத்த விடலை. ஏன்?

ஃபங்ஷனை ஓட்டறதுக்கு முன்னாடியே பைத்தான் அதோட உடம்பு முழுக்க ஒரு பார்வை பார்த்துடும். ஏதாவது ஒரு வரியில ஒரு பேருக்கு மதிப்பு கொடுக்கப்பட்டிருந்தா, அந்தப் பேரு அந்த ஃபங்ஷன் முழுக்க லோக்கல்னு முடிவு பண்ணிடும். அதுக்கப்புறம் வலது பக்கத்துல இருக்கற 'எண்ணிக்கை'யும் லோக்கல்தான். அதுக்கு இன்னும் மதிப்பே கொடுக்கலை, எதைக் கூட்டறது? மதிப்பு கொடுக்கற வரியே இல்லைன்னா மட்டும் பைத்தான் வெளியே தேடிப் போகும். முதல்ல உள்ளே, அப்புறம் சுத்தியிருக்கற ஃபங்ஷன், அப்புறம் குளோபல், கடைசியா பில்ட்-இன். பிளஸ் டூ பாடத்துல வந்த அதே வரிசை.

இந்த எரரைத் தேடினா முதல்ல கிடைக்கற மருந்து, ஃபங்ஷனோட முதல் வரியில 'குளோபல் எண்ணிக்கை'ன்னு எழுதறது. எரர் போயிடும். ரிட்டர்னே வேண்டாம், எல்லா ஃபங்ஷனும் குளோபலை மாத்திக்கிட்டே போகலாம்னு ஒரு சுகம் வந்துடும். லேப் எக்ஸாம் வரைக்கும் அது தாங்கும், ஏன்னா லேப்ல ஃபங்ஷனை ஒரே ஒரு தடவைதான் கூப்பிடறோம்.

ஆன்லைன் கோடிங் டெஸ்ட்ல நிலைமை வேற. அங்கே பல தளங்கள்ல ஃபங்ஷனோட உடம்பை மட்டும்தான் நீங்க எழுதறீங்க. கூப்பிடறது அவங்க, அதுவும் நிறுத்தாம அடுத்தடுத்து பல தடவை. ஒரு லிஸ்ட்டோட கூட்டுத்தொகையைக் கேட்கறாங்கன்னு வெச்சுக்குங்க. நீங்க 'மொத்தம் = 0'ன்னு மேலே குளோபலா வெச்சுட்டு, உள்ளே கூட்டிக்கிட்டே போய் ரிட்டர்ன் பண்றீங்க. முதல் டெஸ்ட் கேஸ் 1, 2, 3. பதில் 6, பச்சை. ரெண்டாவது 4, 5. வர வேண்டியது 9, நீங்க கொடுத்தது 15. பழைய 6 அங்கேயே உட்கார்ந்திருந்தது. உங்க லேப்டாப்ல அந்த ரெண்டாவது இன்புட்டை மட்டும் தனியா ஓட்டினா 9தான் வரும். "என் மெஷின்ல ஓடுதே சார்"ங்கற புகார்ல எத்தனையோ இந்த ரகம். 'மொத்தம் = 0'வை ஃபங்ஷனுக்குள்ள ஒரு வரி தள்ளி வெச்சா போதும், ஒவ்வொரு தடவையும் புதுப் பந்தல்.

டெஸ்ட்ல போனா ஒரு கம்பெனி போச்சுன்னு தேத்திக்கலாம். நம்ம காலேஜ்கள்ல இருந்து எம்பெடட் வேலைக்குப் போறவங்க நிறைய. ஜி.எஸ்.டி. ரோட்டுல தெற்கே போனா மறைமலை நகர், மேற்கே திரும்பினா ஒரகடம், எல்லாம் கார் சார்ந்த ஊர்கள். அதனால ஒரு கார் வழக்கைச் சொல்லிடறேன். 2007ல அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு 2005 மாடல் டொயோட்டா கேம்ரி கட்டுப்பாடு இழந்து மோதினதுல ஒருத்தர் இறந்தார், ஓட்டினவருக்குப் பலத்த காயம். 2013 அக்டோபர்ல வழக்கு விசாரணைக்கு வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் கூப்மன், வாதிகள் தரப்பு நிபுணரா சாட்சி சொன்னார். த்ராட்டிலைக் கட்டுப்படுத்தற அந்த மென்பொருள்ல பத்தாயிரத்துக்கும் மேல குளோபல் வேரியபிள் இருந்ததுங்கறது அவர் எடுத்து வெச்ச குறைகள்ல ஒண்ணு. ஜூரி நிறுவனத்துக்கு எதிரா தீர்ப்பு சொன்னது, பிறகு சமரசமாச்சு. இதுல இன்னொரு பக்கமும் உண்டு. 2011ல நாசா ஆய்வு பண்ணிப் பார்த்தப்போ, தானா வேகம் எடுத்ததுக்கு எலக்ட்ரானிக்ஸ்தான் காரணம்னு நிறுவ முடியலை. அதனால குளோபல் வேரியபிளாலதான் விபத்துன்னு நான் எழுத மாட்டேன். எனக்கு உறுத்தினது வேற. பத்தாயிரம் பேரை எந்த மூலையில இருந்து யார் வேணும்னாலும் மாத்தலாம்னா, ஒரு பேரோட மதிப்பு தப்பா இருக்கும்போது யார் மாத்தினதுன்னு எங்கே போய்த் தேடறது? லோக்கல்ல வெச்சு ரிட்டர்ன் பண்ணா, தேட வேண்டிய இடம் அந்த ஒரு ஃபங்ஷன்தான்.

குளோபலே கூடாதுன்னும் இல்லை. மாறாத எண்களை, உதாரணமா அந்த 75ஐ, மேலே ஒரு பேர்ல வெச்சு எல்லாரும் படிக்கலாம். ஒரு தொல்லையும் இல்லை. எழுதறதுலதான் வம்பு.

சி-க்குப் போறப்போ

சி பக்கம் போகும்போது ரெண்டு விஷயம் மாறும். பைத்தான்ல இஃப், ஃபார் எல்லாம் புது எல்லை போடாது. லூப் முடிஞ்ச பிறகும் லூப் வேரியபிள் கடைசி மதிப்போட உயிரோட இருக்கும். சி-ல நெளிவு அடைப்புக்குறிக்குள்ள அறிவிச்சது அந்த அடைப்போட சரி. மூடின பிறகு அந்தப் பேரைக் கேட்டா கம்பைலரே விடாது.

ரெண்டாவது கொஞ்சம் ஆபத்து. சி-ல ஒரு ஃபங்ஷனுக்குள்ள லோக்கலா ஒரு அரே வெச்சு, அதை ரிட்டர்ன் பண்ணப் பார்ப்போம். போறது அரே இல்லை, அது இருந்த இடத்தோட அட்ரஸ். இன்ட் மாதிரி ஒரு மதிப்பை ரிட்டர்ன் பண்ணா அதோட நகல் போகும், பிரச்சினை இல்லை. அட்ரஸ் அப்படி இல்லை, பந்தலைப் பிரிச்ச பிறகு அந்த மைதானத்துக்கு வழி சொல்லி "சாப்பிட்டுட்டுப் போங்க"ங்கற மாதிரி. சில சமயம் அதிர்ஷ்டவசமா பழைய மதிப்பு அங்கேயே இருக்கும், சரியா ஓடற மாதிரி தெரியும். அடுத்த ஃபங்ஷன் அதே இடத்துல பந்தல் போட்டதும் குப்பை வரும். ஜி.சி.சி. இதுக்கு வார்னிங் கொடுக்கும். வார்னிங்தானேன்னு தாண்டிப் போகாதீங்க. தேவைன்னா கூப்பிடற இடத்துலயே அரேயை வெச்சுக்கிட்டு உள்ளே அனுப்புங்க, இல்லைன்னா மால்லாக்.

ரிட்டர்ன் பத்தி இன்னும் ஒண்ணு பாக்கி: அது நிக்கற இடம். ரிட்டர்ன் வந்த உடனே ஃபங்ஷன் அங்கேயே முடிஞ்சுடும். லூப்பாவது, மீதி வரியாவது, எதையும் பார்க்காது. ஆறு சப்ஜெக்ட் அட்டெண்டன்ஸையும் ஒவ்வொண்ணா பார்த்து, எல்லாமே 75க்கு மேல இருந்தா 'சரி'ன்னு சொல்லற ஃபங்ஷன் எழுதறோம். லூப்புக்குள்ள "75க்குக் கீழேன்னா 'ஷார்ட்டேஜ்' ரிட்டர்ன், இல்லைன்னா 'சரி' ரிட்டர்ன்"னு போட்டுடுவோம். முதல் சப்ஜெக்ட்டைப் பார்த்ததுமே ரெண்டுல ஒரு ரிட்டர்ன் ஓடிடும். மீதி அஞ்சைத் தொடவே தொடாது. முதல் சப்ஜெக்ட் 90 வெச்சிருந்தா, மேத்ஸ்ல 40 இருந்தாலும் 'சரி'. 'ஷார்ட்டேஜ்' லூப்புக்குள்ள இருக்கலாம், ஒண்ணு கெட்டாலே பதில் தெரிஞ்சுடுதே. 'சரி' மட்டும் லூப் முழுசா முடிஞ்ச பிறகு, லூப்புக்கு வெளியே. பைத்தான்ல இது ஒரு இன்டென்ட் வித்தியாசம்தான்.

நேரத்துல முடிஞ்சு போற இந்தக் குணம் பல இடத்துல நமக்கு உதவியும் பண்ணும். இதைப் பாருங்க. 75ஐத் தொட இன்னும் எத்தனை ஹவர் விடாம உட்காரணும்? வந்ததோட எக்ஸ், மொத்தத்தோட எக்ஸ் கூட்டி, முக்கால் பங்குக்கு சமன் பண்ணா, எக்ஸ் = 3 * மொத்தம் - 4 * வந்தது.

நிரல்பாகம் இன்னும்எத்தனை(வந்தது, மொத்தம்)
    @( வருகை(வந்தது, மொத்தம்) >= 75 ) ஆனால்
        பின்கொடு 0
    முடி
    பின்கொடு 3 * மொத்தம் - 4 * வந்தது
முடி

மேலே எழுதின 'வருகை'யை இதுக்குள்ள கூப்பிட்டிருக்கேன். அது பின்கொடுக்கறதாலதான் இங்கே ஒப்பிட முடியுது. ஏற்கெனவே 75 இருந்தா முதல் ரிட்டர்னோட கதை முடியும், 'இல்லை'ன்னு தனியா ஒரு கிளை தேவையில்லை. ரெண்டு ஃபங்ஷன்லயும் 'வந்தது', 'மொத்தம்'னு அதே பேருங்க. ஒண்ணோட ஒண்ணு இடிக்கலை, பல்லாவரமும் பம்மலும் மாதிரி.

60க்கு 50 வந்தவங்களுக்கு 0. 60க்கு 40ன்னா 20 ஹவர், 80க்கு 60ல போய் நிக்கும். 60க்கு 44 வெச்சிருக்கற நண்பருக்கு 4 ஹவர், அது சரியா 64க்கு 48. இதை அவரோட வாட்ஸ்அப்புக்கு அனுப்பிட்டேன். நாளைக்கு முதல் ஹவர் மேத்ஸ், 7.40 லோக்கலைப் பிடிக்கறாராம்.